ஒரே வளைவு

கேம்பர்டவுன் கோழிப்பண்ணையில்
அவளைக் கண்டெடுத்தபோது
பின்சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தது ஒரு கோழி.
விலை பேசினேன்.
கோழி சேர்த்தியில்லை என்றான் பண்ணைக்காரன்.
ரெனோ எட்டு, கோர்டினி, அறுபத்தேழாம் வருஷத்து வண்டி.
தரை கிடையாது. என்ஜின் இருந்தது,
இருந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

முப்பத்தோரு வருஷம் டர்பனில் சட்டைத் தொழிற்சாலை.
காலர் பிரிவு, கடைசியில் மேற்பார்வை.
நாற்பது மிஷின் ஓடும் கூடத்தில்
எது அடுத்து நூல் அறுக்கும் என்று
வாசலில் நின்றே சொல்வேன்.
அந்தக் காதைத்தான்
ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கார்புரேட்டர் இரண்டும் சமையலறை மேசையில்.
ஜெட்டுகள் அஞ்சறைப்பெட்டியில், சீரகம் இருந்த இடத்தில்.
ரசத்தில் பெட்ரோல் வாசனை என்று
மருமகன் ரூபேந்திரன் எழுந்து போனான்.
அரைமணியில் பன்னி சௌ பொட்டலத்தோடு வந்தான்.
எனக்கும் ஒன்று.

வெல்டிங் சிபுசிஸோ.
கோழி எச்சம் தின்றதையெல்லாம்
மூன்று மாதத்தில் தகடு தகடாகத் திருப்பித் தந்தான்.
"இனி இதில் எதம்மா பழசு, எது புதுசு?"
என்னைக் கேட்கிறான்,
இடுப்பில் டைட்டானியம் வைத்திருப்பவளை.

நிறம்தான் ஒரு வருஷம் இழுத்தது.
நீலம், சரி. எந்த நீலம்?
நம்பர் பார்த்துக் கலந்ததைப் பூசினேன். அது இல்லை.
நான் பார்த்த நீலம்
தூசிக்குப் பின்னால் இருந்தது.

அறுபத்தெட்டு. எனக்கு ஒன்பது வயது.
மாரிட்ஸ்பர்க் மேட்டில் பந்தயத்தடம்.
நம்மவர்களுக்கு ஒதுக்கிய மூலைக்கும் டிக்கெட் உண்டு.
காசில்லாதவர்களுக்கு வேலிக்கு வெளியே யூகலிப்டஸ் மரம்.
பூபாலன் அண்ணன் ஒரு கிளை, தேவதாஸ் அண்ணன் ஒரு கிளை,
எடை குறைந்த நான் உச்சியில்.
அங்கிருந்து தெரிந்தது ஒரே வளைவு.
கால் அகட்டிய வாத்துபோலப் பின்சக்கரங்கள்,
வெள்ளைக் கோடு இரண்டு,
சுற்றுக்கு நாலு நொடி நீலம்.
மிச்சமெல்லாம் சத்தம்.

சத்தத்தை வைத்து
மீதித் தடத்தை நானே போட்டுக்கொண்டேன்.
இங்கே ஏற்றம். இங்கே பாலம், கீழே ஆறு.
திடீரென்று கியர் குறைக்கிறானே,
மாடு குறுக்கே வந்திருக்கும்.
ஐம்பத்தாறு வருஷம் அந்தத் தடத்தில்தான் ஓட்டினேன்,
காலர் தைக்கும்போதுகூட,
மிஷின் மிதியை அழுத்தி.

போன ஞாயிறு
மிச்சமிருக்கும் தாரில் ஓட்டிப் பார்க்க
பழைய வண்டிக்காரர்களுக்குக் கதவு திறந்தார்கள்.
பந்தயமில்லை, வரிசையாகப் போய் வரலாம்.
எனக்கு முன்னால் ஆல்ஃபாவில் ஒரு வக்கீல்.
பின்னால் மினியில்
பல்வைத்தியர், மனைவி, மூன்று பிள்ளைகள்.

ஏற்றம் இருந்தது.
பாலம் இல்லை.
கியர் குறைத்த இடத்தில் மாடு நிற்க இடமே இல்லை,
ஒரு சரிவு, அவ்வளவுதான்.
எனக்குக் கோபம் வந்தது,
யாரோ என் ஆற்றைத் தூர்த்துவிட்டார்கள்.

பிறகு அந்த வளைவு.
உள்ளிருந்து பார்த்தால் அது வேறு எவளுடையதோ வளைவு.
ஸ்டியரிங் சொல்லித்தான் தெரிந்தது,
பின்பக்கம் அகட்டிக்கொண்டு வழுக்கப் பார்த்ததே, அப்போது.
நிமிர்ந்து மரத்தைத் தேடினேன்.
வளைவில் மரம் தேடக் கூடாது.
மூன்றாம் கியர் விழவில்லை.
பல்லெல்லாம் நறநறக்க
மினி என்னைத் தாண்டிப் போனது,
பிள்ளைகள் மூவரும் கையசைத்தபடி.
நானும் அசைத்தேன். வாயெல்லாம் சிரிப்பு.

ஓரமாக நிறுத்தினேன். பின்னால் தண்ணீர் கொதிக்கிறது.
மூடியைத் தூக்கி நிறுத்திக் காது கொடுத்தேன்.
நாலாவது சிலிண்டர். எக்ஸாஸ்ட் வால்வு.
ஒரு மயிரிழை தளர்வு.

நாளைக்கே பிரித்துவிடலாம்.
இல்லை, செவ்வாய்க்கிழமை.
நாளைக்கு ரூபேந்திரன் பிறந்தநாள்,
மேசை வேண்டுமாம்.